அரபியில் எழுத்துக்குப் பஞ்சமில்லை, தேடினால்தான் கிடைப்பதில்லை

2025 ஜனவரி 9, ஒரு வாசகர் கேட்டது:

"காக்கா (அண்ணன்), அரபி பேசுறவங்க 40 கோடி பேர் வருவாங்க. ஐ.நா.வுலயும் ஆட்சிமொழி. ஆனா உலகத்து இணையதளங்கள்ல அரபித் தளம் ஒரு சதவீதம்கூடத் தேறாதுன்னு போட்டிருக்கான். அவங்களுக்கு என்ன காசுக்கா பஞ்சம்? ஏன் இந்த நிலைமை? நீங்க அங்கேயேதான இருக்கீங்க, சொல்லுங்க."

ஜனவரி 9, இரவு

அந்த ஒரு சதவீதம், தளம் எந்த மொழியில் இருக்கிறது என்று பார்த்துத் தளங்களை எண்ணுகிற கணக்கு. யூடியூபில் ஓடுகிற அரபி, ஃபேஸ்புக் குழுக்களில் எழுதுகிற அரபி, டெலிகிராமில் சுற்றுகிற பிடிஎஃப் எதுவும் அதில் சேராது. இங்கே ஷார்ஜாவில் என்னோடு வேலை பார்க்கிற எகிப்துக்காரர் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் போனில் அரபியில்தான் படிக்கிறார், சண்டை போடுகிறார், சமையல் குறிப்பு பார்க்கிறார். அவர் ஒரு இணையதளத்தைத் திறந்து நான் பார்த்தது அபூர்வம்.

இன்னொன்று, படிப்பு மொழி. அநேக அரபு நாடுகளில் மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா பக்கம் போனால் பிரெஞ்சு. சிரியா விதிவிலக்கு. டமாஸ்கஸில் நூறு வருஷமாக மருத்துவத்தை அரபியிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். மற்ற ஊர் டாக்டர் நோயாளிகளுக்காக அரபியில் ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தால், படித்த சொல்லெல்லாம் வேறு மொழியில் நிற்கும். எழுதாமல் எழுந்துவிடுவார்.

காசுக் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். எனக்கு அதில் வேறு கருத்து உண்டு.

ஜனவரி 10

ஆப்களின் அரபிப் பக்கம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதனால் இந்தக் குறிப்பு கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரபி எழுத்து ஒன்றோடொன்று ஒட்டி வரும். ஒரே எழுத்துக்குச் சொல்லின் முதலில் ஒரு வடிவம், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று, தனியாக நின்றால் இன்னொன்று. எழுத்தை மட்டும் சேமித்தால் போதும், வடிவத்தைத் திரையில் காட்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது இன்றைய முறை. பழைய அச்சுக்கோப்பு மென்பொருள்கள் பலவும் வடிவத்தையே சேமித்துவைத்தன. அதிலிருந்து வந்த பிடிஎஃபைத் திறந்தால் பக்கம் அம்சமாக இருக்கும். ஒரு வரியைக் காப்பி எடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள்: எழுத்துகள் ஒட்டாமல், பின்னிருந்து முன்னாக, சிதறி விழும். மனுஷன் படிக்கலாம், தேடுபொறிக்கு அது வெறும் குப்பை. சட்டம், தீர்ப்பு, ஆய்வேடு என்று எவ்வளவோ இப்படிக் கிடக்கிறது. இணையத்தில் இருக்கிறதா என்றால் இருக்கிறது. கிடைக்குமா என்றால் கிடைக்காது.

எந்த எழுத்துக்கு எந்த எண் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற குறியேற்றத்தில் நடந்த சண்டை தனி. அவர்களுக்கு ஐஎஸ்ஓ 8859-6 ஒரு பக்கம், விண்டோஸ்-1256 ஒரு பக்கம். நாம் தமிழுக்குத் திஸ்கி, டாப், டாம் என்று அடித்துக்கொண்டிருந்த அதே காலத்தில் அவர்களும் அதே கூத்தில்தான் இருந்தார்கள்.

ஜனவரி 10, கொஞ்ச நேரம் கழித்து

இதைச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. வலமிருந்து இடமாக ஓடும் பக்கத்தில் போன் நம்பரை இடைவெளி விட்டு எழுதி, அது இடமிருந்து வலம் போகணும் என்று தனியாகக் குறிக்காமல் விட்டால், தொகுதிகள் இடம் மாறிவிடும். முதலில் நிற்கவேண்டிய நாட்டு எண் 971 கடைசிக்குப் போகும், கூட்டல் குறி அதற்கும் அந்தப் பக்கம் போய் நிற்கும். ஆஸ்பத்திரி, வங்கி, டாக்ஸி என்று எல்லா ஆப்பிலும் இதைப் பார்த்திருக்கிறேன். அரபுக்காரர்கள் பழகிவிட்டார்கள், மனசிலேயே திருப்பிப் படித்துக்கொள்கிறார்கள். அந்தப் பழக்கத்தால்தான் யாரும் புகார் கொடுப்பதில்லை, புகார் இல்லாததால் யாரும் சரி பண்ணுவதில்லை.

எண் வடிவமும் ஊருக்கு ஊர் வேறு. எகிப்திலும் வளைகுடாவிலும் கிழக்கத்திய வடிவம் புழங்குகிறது, மொராக்கோ பக்கம் நாம் எழுதுகிற 1, 2, 3. கிழக்கத்திய எண்ணில் பிறந்த தேதியைத் தட்டினால் 'தவறான எண்' என்று துப்புகிற படிவம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஜனவரி 12

"வடிவம் எல்லாம் பழைய கதை, இப்போது யூனிகோட் இருக்கிறதே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எல்லா மொழிக்கும் பொதுக் குறியேற்றமான யூனிகோட் எழுத்துக்கு இடம் கொடுத்தது. எழுதுகிறவர்களை ஒரே மாதிரி எழுதவைக்கவில்லை.

அரபியின் முதல் எழுத்தான அலிஃபின் தலையில் ஹம்ஸா என்ற சின்னக் குறி வரலாம், காலடியில் வரலாம், சோம்பல்பட்டு இல்லாமலும் தட்டலாம். அஹ்மத் என்ற பெயரைச் சிலர் ஹம்ஸாவோடு தட்டுகிறார்கள், சிலர் வெறும் அலிஃபோடு. பெண்பாற் சொற்களின் கடைசியில் வரும் தா மர்பூதாவுக்கு மேலே உள்ள இரண்டு புள்ளியை விட்டால் அது ஹா ஆகிவிடும். எகிப்தில் சொல்லின் கடைசி யாவுக்குக் கீழே புள்ளி வைக்காமல் எழுதுவது வழக்கம். அலீ என்ற பெயரை அவர்கள் எழுதினால் கம்ப்யூட்டருக்கு அது 'மேல்' என்று பொருள்படும் 'அலா'. மனுஷனுக்கு இடம் பார்த்துப் புரியும்.

ஒரு கிளினிக்கில் பார்த்தது, பெயர் வேண்டாம். எகிப்தியத் தாய் ஒருத்தி காய்ச்சலோடு இருக்கிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கவுண்ட்டரில் நிற்கிறாள். பிள்ளை பெயர் ஃபாத்திமா. கவுண்ட்டர் பெண் இரண்டு புள்ளியோடு தட்டுகிறாள். 'பதிவு இல்லை' என்கிறது திரை. "போன மாசம்தான் வந்தோம்" என்கிறாள் தாய். இந்தப் பெண் மறுபடி தட்டுகிறாள், மறுபடியும் இல்லை. சரி என்று புதுக் கோப்பு திறக்கப்போனாள். பழைய கோப்பில்தான் பிள்ளைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு இருந்தது. கடைசியில் தகப்பன் மொபைல் நம்பரை வைத்துத் தேடியபோது வந்தது: ஃபாத்திமா, புள்ளி இல்லாமல்.

தீர்வு ஒன்றும் மலை புரட்டுகிற வேலை இல்லை. தேடும்போது எல்லா அலிஃபையும் ஒரே அலிஃபாக, தா மர்பூதாவை ஹாவாக, கடைசி யா இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளணும். உயிர்க்குறிகளை உதிர்க்கணும். அழகுக்காகச் சொல்லை இழுத்து நீட்டுகிற கஷீதாக் கோட்டை எடுத்துவிடணும். சேமித்த பெயரைத் தொடவேண்டாம், தேடலுக்கு மட்டும் இந்த விதி. அரபி தெரிந்த ஒரு புரோகிராமர் உட்கார்ந்தால் முடிகிற வேலைதான். செலவு என்று ஒன்றும் இல்லை, யாரும் கேட்பதில்லை என்பதுதான் விஷயம்.

ஜனவரி 13

கூகுள் இதையெல்லாம் சமாளிக்கும், ஒத்துக்கொள்கிறேன். நூலகத்தின் தேடல் பெட்டி கூகுள் இல்லை. நீதிமன்றத்தின் தேடல் பெட்டியும் இல்லை.

இன்னொரு தம்பி அரபிஸி பற்றிக் கேட்டிருக்கிறார். ஆமாம், நாம் 'epdi irukka' பாணியில் தட்டியதுபோல அவர்களும் ஆங்கில எழுத்தில் அரபி எழுதினார்கள். ஆங்கிலத்தில் இல்லாத ஒலிக்கு எண்ணைப் போட்டுக்கொண்டார்கள். ஐனுக்கு 3, தொண்டையிலிருந்து வரும் ஹாவுக்கு 7, ஹம்ஸாவுக்கு 2, கரகரப்பான காவுக்கு 5. விசைப்பலகை இல்லாத காலத்தில் பிறந்தது, விசைப்பலகை வந்த பிறகும் போகவில்லை. அப்படி எழுதினதையே அரபி எழுத்தில் மாற்றித்தர 2007-ல் யம்லி என்ற தளம் வந்தது. என் ஆபீஸ் லெபனான் பையன் இப்போதும் அம்மாவுக்கு 3, 7 போட்டுத்தான் அனுப்புகிறான்.

ஜனவரி 19

விக்கிப்பீடியா. இதற்காகத்தான் காத்திருந்தேன்.

அரபி விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கியது, 2019 நவம்பரில் பத்து லட்சம் கட்டுரையைத் தொட்டது. அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2008-ல் எகிப்திய அரபிக்கென்று தனி விக்கிப்பீடியா வந்தது. பல வருஷம் சின்னதாகவே கிடந்தது. 2020 வாக்கில் தானியங்கி நிரல்கள் புகுந்து லட்சக்கணக்கில் கட்டுரை கொட்டின. இன்று அது 16 லட்சத்தைத் தாண்டி, அரபி விக்கிப்பீடியாவைவிடப் பெரிதாக நிற்கிறது, அதாவது எண்ணிக்கையில். திறந்து பாருங்கள். இன்னார் இந்த நாட்டு ஃபுட்பால்காரர், இந்தத் தேதியில் பிறந்தார். முடிந்தது கட்டுரை. அடுத்ததும் அதே அச்சு. கெய்ரோவில் ஃபூல் மெதம்மஸ் என்கிற அவரைக்கொட்டைப் பண்டம் விற்கிற வண்டிக்காரரைப் பற்றியோ, நைல் கரையில் முதுகு வளைந்து கரும்பு வெட்டுகிறவரைப் பற்றியோ அதில் என்ன இருக்கும் என்று தேடினேன். விட்டுவிடுங்கள்.

'அரபி உள்ளடக்கத்தைப் பெருக்குவோம்' என்று தொடங்குகிற எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் எனக்கு இந்தக் கட்டுரைகள்தான் ஞாபகம் வருகின்றன. எண்ணிக்கையை இலக்காக வைத்தால் எண்ணிக்கைதான் வரும்.

ஜனவரி 20

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, எகிப்திய அரபிக்குத் தனி இடமே வேண்டாம் என்று நான் சொல்வதாக ஒருவர் எடுத்துக்கொண்டார். இல்லை. பேச்சுவழக்கு முக்கியம், அதிலும் தேடுகிற இடத்தில் ரொம்ப முக்கியம்.

எங்கள் கட்டிடத்துக் காவலாளி சூடான்காரர், வயதானவர். முழங்கால் வலிக்கு என்ன செய்யலாம் என்று போனில் பேசிக் கேட்கிறார், ஊர்ப் பேச்சில். நல்ல கட்டுரைகள் ஃபுஸ்ஹாவில், அதாவது எழுத்து அரபியில் இருக்கின்றன. இவருக்கு வந்து விழுவது யூடியூபில் பேச்சுவழக்கில் கத்துகிற தைலக்காரன். தைலக்காரன் அவர் மொழியில் பேசுகிறான், டாக்டர் பேசவில்லை. நல்ல கட்டுரை அரபியில் இல்லாமல் இல்லை. இவர் கேட்ட சொல் அதில் இல்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 2

பழைய நூல்கள் பற்றி மூன்று பேர் கேட்டதால்.

மார்க்க நூல்களில் அரபி போல இணையத்தில் செழித்த மொழி குறைவு. ஷாமிலா என்ற இலவச நூலக மென்பொருளில் ஹதீஸ், தஃப்ஸீர், ஃபிக்ஹு என்று ஆயிரக்கணக்கான நூல்கள் தட்டச்சு செய்த எழுத்தாகவே கிடைக்கின்றன; பல நூல்களில் அச்சுப் புத்தகத்தின் பக்க எண்ணோடு. ஒரு சொல்லைப் போட்டால் நொடியில் வரும். ஊரில் மதரஸா மாணவர்கள்கூட லேப்டாப்பில் வைத்திருக்கிறார்கள்.

அதற்குப் பக்கத்தில் அல்-முக்ததஃப் இதழை வைத்துப் பாருங்கள். 1876-ல் பெய்ரூத்தில் தொடங்கி, பிறகு கெய்ரோவுக்குப் போய் 1952 வரை வந்த அறிவியல் இதழ். டார்வின், மின்சாரம், தொற்றுநோய் எல்லாவற்றையும் அரபியில் எழுதிப் பார்த்த இதழ். அதன் தொகுதிகள் இணையத்தில் படங்களாகக் கிடைக்கின்றன. ஒட்டெழுத்து, பழைய அச்சு, மங்கிய தாள் என்று மூன்றும் சேர்ந்தால், படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கிற ஓசிஆர் திணறும். 'அரபியில் அறிவியல் சொல் இல்லை' என்று இன்று சொல்கிறவர்கள் தேடுகிற சொல் அந்தப் படத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது.

இதில் தனி மனிதராக உழைத்தவர் குவைத்தின் முஹம்மத் அல்-ஷாரிக். 1980களில் ஸக்ர் என்ற பெயரில் அரபிக் கம்ப்யூட்டர் கொண்டுவந்தவர். இங்கே ஒரு வயதுக்கு மேற்பட்ட யாரிடம் கேட்டாலும் முதலில் தொட்ட கம்ப்யூட்டர் ஸக்ர் என்பார்கள். கடைசிக் காலத்தில் பழைய அரபி இலக்கிய, பண்பாட்டு இதழ்களைத் திரட்டி, கட்டுரை வாரியாக, எழுதியவர் வாரியாகப் பட்டியல் போட்டு இலவசமாகத் திறந்துவைத்தார். 2024 மார்ச்சில் காலமானார். பக்கம் படமாகவே இருந்தாலும், மனுஷன் கையால் போட்ட பட்டியல் இருந்தால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பதற்கு அந்த ஆவணகம் சாட்சி. என்னைக் கேட்டால் பத்து மாநாட்டுக்கு இது மேல்.

கத்தார் டிஜிட்டல் நூலகம் பற்றியும் ஒரு வார்த்தை. கத்தார் தேசிய நூலகமும் பிரிட்டிஷ் நூலகமும் சேர்ந்து 2014-ல் திறந்தது. வளைகுடாவின் பழைய வரலாறு அதில் நிறைய, ஆனால் பெரும்பாலும் ஆங்கிலக் கோப்புகள். வளைகுடாவில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரி முதலில் பம்பாய் அரசுக்கும் பிறகு இந்திய அரசுக்கும் எழுதிய கடிதங்கள் அவை. விவரக் குறிப்புகளை அரபியிலும் கொடுத்திருக்கிறார்கள். தன் பாட்டனார் ஊரைப் பற்றிப் படிக்க ஓர் எமிராத்திப் பிள்ளைக்கு அந்தக் குறிப்புதான் வாசல்.

பிப்ரவரி 3

காப்புரிமை பற்றிக் கேட்டவருக்கு. எகிப்தில் ஆசிரியர் மறைந்து 50 ஆண்டு. எழுத்தாளர் தாஹா ஹுசைன் 1973-ல் மறைந்தார். 50 ஆண்டு முடிந்துவிட்டதால் எகிப்துச் சட்டப்படி அவர் எழுத்து இப்போது பொது. கெய்ரோவின் ஹிந்தாவி அறக்கட்டளை காலக்கெடுவுக்குக் காத்திருக்காமல் நாவலாசிரியர் நஜீப் மஹ்ஃபூஸின் குடும்பத்தாரிடம் மின்னூல் உரிமையை வாங்கி இலவசமாகவே வெளியிட்டது. படமாக அல்ல, தேடக்கூடிய, போனில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கக்கூடிய எழுத்தாக. காசை எங்கே போடணும் என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

பிப்ரவரி 8

காசுக் கேள்வி.

தம்பி, காசு இருக்கிறது. துபாயில் 2018-ல் மத்ரஸா என்ற தளம் திறந்தார்கள், அறிவியல், கணிதப் பாட வீடியோ 5,000, அரபியில், இலவசம். ஜோர்டானில் ராணி ரானியா அறக்கட்டளையின் இத்ராக் என்ற இணையப் பாடத் தளம் 2014 முதல் நடக்கிறது. இரண்டும் உருப்படியான வேலை.

காசு வாங்க முடியாதது ஒன்று உண்டு. சிரியாவில் பாஸில் கர்தபீல் என்று ஒருவர். படைப்புகளை எல்லோரும் இலவசமாகப் பகிர உரிமம் வகுத்த கிரியேட்டிவ் காமன்ஸின் பணியை அங்கே நடத்தினார், விக்கிப்பீடியாவுக்கும் எழுதினார், பல்மைரா என்ற பழைய நகரத்தின் இடிபாடுகளைக் கம்ப்யூட்டரில் மறுபடி கட்டிப் பார்த்தார். 2012 மார்ச்சில் சிரிய அரசாங்கத்து ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். 2015-ல் கொன்றுவிட்டார்கள் என்பது 2017-ல்தான் வெளியே தெரிந்தது. சவூதியில் அரபி விக்கிப்பீடியாவின் நிர்வாகிகள் இருவர் 2020-ல் கைதானார்கள். உலகத்துக்குத் தெரிந்தது 2023 ஜனவரியில். ஒருவருக்கு 8 ஆண்டு. மற்றவருக்கு முதலில் 5 ஆண்டு, பிறகு அதையே 32 ஆக்கினார்கள்.

சம்பளம் இல்லாமல் ராத்திரி உட்கார்ந்து எழுதுகிறவர்களால்தான் எந்த மொழியும் இணையத்தில் வளரும். அவர்களுக்கு இந்தக் கதி என்றால் மற்றவர்கள் சமையல் குறிப்போடு நிறுத்திக்கொள்வார்கள். இதற்குமேல் இந்த விஷயத்தில் எழுத எனக்கும் விருப்பமில்லை, இருக்கிற இடம் அப்படி.

பிப்ரவரி 9

பேச்சை மாற்ற: 2010 மே மாதம் எகிப்து, சவூதி, எமிரேட்ஸ் மூன்றுக்கும் அரபி எழுத்திலேயே இணைய முகவரி வந்தது, பெரிய ஆரவாரம். அப்படியொரு முகவரியைக் கையால் தட்டுகிற ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை. நம் .இலங்கை, .சிங்கப்பூர் கதைதான்.

பிப்ரவரி 23

இங்கே தனியார் பள்ளியில் அரபு அல்லாத பிள்ளைகளும் ஒன்பதாம் வகுப்பு வரை அரபி படித்தாகணும். என் மகள் படிக்கிறாள். பாடப்புத்தகத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் உயிர்க்குறி இருக்கிறது, கடகடவென்று வாசிக்கிறாள். ஒட்டகத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதணும் என்று இணையத்தில் அரபிப் பக்கத்தைத் திறந்தாள். குறி ஒன்றுகூட இல்லை. முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். "வாப்பா, இத எப்படிப் படிக்கிறது?" பெரியவர்கள் மொழி தெரிந்து படிக்கிறார்கள், பிள்ளை எழுத்தைப் பார்த்துப் படிக்கிறாள்.

பார்வையற்றவர்களுக்கும் இதே கஷ்டம். வாசித்துக்காட்டுகிற மென்பொருள் உயிரொலியை ஊகிக்கணும், ஊகம் தப்பினால் பொருளே மாறும். குறியைத் தானாகப் போட்டுத்தரும் கருவிகள் இருக்கின்றன. பிள்ளைகளுக்கான பக்கத்தில் 'குறியோடு காட்டு' என்று ஒரு பொத்தான் வைக்கலாமே? எங்கள் ஆபீஸ் கூட்டத்தில் சொன்னேன். அடுத்த காலாண்டில் பார்க்கலாம் என்றார்கள். எந்தக் காலாண்டு என்று சொல்லவில்லை.

மார்ச் 1

ஏஐ வந்துவிட்டதே, இனி எல்லாம் சரியாகிவிடாதா என்று கேட்கிறார்கள். 2023-ல் அபுதாபியிலிருந்து ஜைஸ் என்ற அரபி லாங்குவேஜ் மாடல் வந்தது. அதைப் பயிற்றுவிக்க அரபி எழுத்து போதாமல், ஆங்கிலத்திலிருந்து இயந்திரம் மொழிபெயர்த்ததையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் முக்ததஃப் படமாகத் தூங்குகிறது, இன்னொரு பக்கம் மொழிபெயர்த்த அரபியைத் தின்று இயந்திரம் அரபி கற்கிறது. நல்ல வேலைதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் கேள்வி பழையதுதான்: இருக்கிற எழுத்தை யார் எழுத்தாக்கப்போகிறார்கள்?

மார்ச் 4

காயல்பட்டினத்திலிருந்து ஒரு லாத்தா (அக்கா) எழுதியிருக்கிறார்: வீட்டுப் பரணில் அரபுத்தமிழ்க் கிதாபுகள் (அரபி எழுத்தில் தமிழை எழுதிய நூல்கள்) ஒரு பெட்டி, பூச்சி அரிக்க ஆரம்பித்துவிட்டது, என்ன செய்யலாம் என்று.

முதலில் வெயிலில் காயப்போடாதீர்கள் லாத்தா. நிழலில், காற்றோட்டத்தில் விரித்துவையுங்கள். தைத்த பிரதியைப் பிரிக்கவேண்டாம், 180 பாகைக்கு விரித்து அமுக்கவும் வேண்டாம். ஸ்கேனர் இல்லாவிட்டால் நல்ல போன் போதும், ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், பக்கத்துக்கு ஒரு படம். கலரிலேயே எடுங்கள், கறுப்பு வெள்ளை ஆக்கினால் எழுத்துப் புள்ளியும் பூச்சிப் புள்ளியும் ஒன்றாகிவிடும். அரபுத்தமிழில் தமிழ் ஒலிக்கென்று புள்ளி கூட்டிய எழுத்துகள் உண்டு, அந்தப் புள்ளி போனால் சொல் போச்சு. இப்போதைக்கு ஓசிஆரை நம்பவேண்டாம்.

ஏற்றும்போது தலைப்பை மூன்று விதமாகக் கொடுங்கள்: கிதாபில் உள்ளபடி அரபி எழுத்தில், ஹம்ஸாவும் புள்ளியும் இல்லாமல் ஒரு தடவை, தமிழ் எழுத்தில் ஒரு தடவை. ஆசிரியர் பெயர், அச்சகம், ஹிஜ்ரி ஆண்டு எல்லாம் பொதுவாகக் கடைசிப் பக்கத்தில் இருக்கும், அதைத் தட்டச்சு செய்து சேருங்கள். எத்தனை கிதாபு என்று சொல்லுங்கள், பட்டியல் போடுகிற வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். நோன்பு என்பதால் பகலில் பதில் வர லேட்டாகும், இரவு இஷா தொழுகைக்குப் பிறகு இருப்பேன்.